ஏழாம் எண் கூடும் ஒரு ஜக் தண்ணீரும்

வைட்ஃபீல்ட் நர்சரியின் தொட்டிகள் அடுத்த மாதத்திலிருந்து உங்கள் இருவரின் பொறுப்பு. நான் தங்கவயலில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அறிவியல் ஆசிரியராகப் போகிறேன். முப்பத்து மூன்று வயதில், ஏதோ பென்ஷன் வாங்கப் போகிறவன் போல இவன் அறிவுரை எழுதுகிறானே என்று நீங்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் படியுங்கள். தவளையை எப்படிப் பிடிப்பது, எப்படி அளப்பது, கூட்டுக்கு எப்படி எண் கட்டுவது என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றை மட்டும் எழுதுகிறேன். இதைப் படித்தபின் என்மேல் உங்களுக்கு இருக்கும் மரியாதை கொஞ்சம் குறையும். குறையட்டும்.

தொண்ணூறுகளின் கடைசியில், பட்டப்படிப்பு முடித்த கையோடு இந்த வேலைக்கு வந்தேன். பதவியின் பெயர் கள உதவியாளர். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். கம்பெனியிலிருந்து கடிதம் வந்தால் நான்தான் படித்துச் சொல்லவேண்டும். நான் சொன்னதுதான் கடிதம். தப்பாகச் சொன்னாலும் தெரிந்துகொள்ள வீட்டில் ஆள் இல்லை. ஆறாம் வகுப்பில் ஒருமுறை எழுத்துப் புரியாத ஒரு வரியை நானாகவே இட்டுக்கட்டிச் சொல்லியிருக்கிறேன். அப்பா தலையாட்டிக்கொண்டார். நான் எழுதினாலும் படித்தாலும் அது சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையிலேயே வளர்ந்தேன். அது எவ்வளவு ஆபத்தான வளர்ப்பு என்று இந்த வேலைக்கு வந்தபிறகுதான் தெரிந்தது.

நான் உதவிசெய்யப் போனது ஸ்டெல்லா அக்காவின் ஆராய்ச்சிக்கு. விவேக் நகரில் பிறந்து வளர்ந்தவர். என்னைவிட நான்கு வயது மூத்தவர். முதல் நாள் 'மேடம்' என்றேன். "மேடம்னு கூப்பிட்டா யாரையோ கூப்பிடற மாதிரி இருக்கு. அக்கான்னு சொல்லு, இல்லன்னா பேரைச் சொல்லு, உன் இஷ்டம்" என்றார். பேரைச் சொல்ல வாய் வரவில்லை.

நர்சரியில் எங்களோடு இருந்த இன்னொருவர் முனிரத்னம் அண்ணன். சந்தாபுராக்காரர். செடிகளுக்குத் தண்ணீர் விடுவதும் பம்பு போடுவதும் அவர் வேலை. எனக்குப் பெயர் இருக்கிறது என்பதை அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. எப்போதும் 'குரு'தான். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம் நான் வாய்க்கால் ஓரத்தில் வெள்ளையாக ஒரு நுரையைப் பார்த்துவிட்டு, எண் எழுதிய தகட்டைக் கட்டி, நேரம் குறித்து, நோட்டில் படமும் வரைந்துவிட்டேன். அவர் பின்னால் நின்று முழுவதையும் பொறுமையாகப் பார்த்தார்.

"ஆய்த்தா குரு, எழுதி முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேண்ணே."

"அது என் சட்டை தொவச்ச சோப்பு நொர."

அந்தத் தகட்டை அவர் பம்பு ரூம் கதவில் ஆணியடித்து மாட்டி வைத்தார். ஓராண்டு அப்படியே தொங்கியது.

உண்மையான நுரைக்கூட்டைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது விளங்கும். நம்முடைய மரத்தவளை பெங்களூரில் எல்லா இடத்திலும் இருக்கிறது. பகலில் அது இருப்பதே தெரியாது. குழாய் முழங்கையில், குரோட்டன் தொட்டியின் அடியில், பம்பு ரூமின் சுவிட்ச் பெட்டிக்குள், காலையெல்லாம் மடித்து உடம்புக்கு அடியில் சொருகிக்கொண்டு, நிறம் வெளிறிப்போய், சுவரில் பூசிய சிமெண்டுத் துண்டு போல ஒட்டியிருக்கும். முதல் நல்ல மழைக்கு இறங்கிவரும். தண்ணீருக்குள் முட்டையிடாது. தண்ணீருக்கு மேலே, தொட்டிச் சுவரிலோ தொங்கும் இலையிலோ, பின்னங்கால்களால் அடித்து அடித்து நுரை கிளப்பி அதற்குள் இடும். காலையில் போனால் ஒரு கைப்பிடி அளவுக்கு, பால் ஏடு நிறத்தில் கூடு ஒட்டியிருக்கும். வெளிப்பக்கம் காய்ந்து அப்பளம் போல ஆகிவிடும். உள்ளே ஈரம் இருக்கும். மூன்று நான்கு நாளில் முட்டைகள் தலைப்பிரட்டைகளாகும். மழை பெய்தால் கூட்டின் அடிப்பக்கம் கரைந்து, தலைப்பிரட்டைகள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் விழும்.

மழை பெய்யாவிட்டால்? அதுதான் ஸ்டெல்லா அக்காவின் கேள்வி. மழை தவறிப்போனால் உள்ளே இருப்பவை எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்?

அந்த ஆண்டு எல்லாம் எங்களுக்குத் தோதாக அமைந்தது. ஒரு நல்ல மழை பெய்தது. அடுத்தடுத்த இரண்டு காலைகளில் இருபத்து நான்கு கூடுகள் கிடைத்தன. மழை அப்படியே நின்றுவிட்டது. வடக்கு வரிசைத் தொட்டிகளில் பன்னிரண்டு கூடு, தெற்கு வரிசையில் பன்னிரண்டு. தெற்கு வரிசைக்குத் தினமும் காலையில் மழைக்குப் பதிலாகக் கூட்டுக்கு ஒரு ஜக் தண்ணீர். வடக்கு வரிசையைத் தொடவே கூடாது. பார்க்கலாம், எழுதலாம், அவ்வளவுதான். ஏற்பாடு இவ்வளவு எளிது.

மூன்றாம் நாள் ஸ்டெல்லா அக்காவுக்கு அம்மை போட்டுவிட்டது. இரண்டு வாரம் வீட்டை விட்டு வரக்கூடாது. அவர் தம்பி, நான் தினமும் வரும் தங்கவயல் ரயிலின் நேரத்துக்கு வைட்ஃபீல்ட் ஸ்டேஷனில் வந்து நின்று, என்னிடம் நோட்டையும் ஒரு துண்டுச் சீட்டையும் கொடுத்தான். சீட்டில், 'எல்லாம் உன் கையில்தான் செல்வம்' என்று எழுதியிருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஐந்தாம் நாள் தெற்கு வரிசைக் கூடுகள் கரைந்து, தலைப்பிரட்டைகள் எல்லாம் தண்ணீரில் இறங்கி ஓடின. வடக்கு வரிசையில் ஒன்றும் இல்லை. அந்த நாட்களில் அங்கே பெரிய பெரிய கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. டிப்பர் லாரிகள் கிளப்பும் செம்மண் தூசி கூடுகளின்மேல் படிந்து, வெள்ளைக் கூடுகள் காவி நிறமாயின. ஆறாம் நாள் எறும்பு வந்தது. ஏழாம் நாள் நீண்ட குச்சியில் கட்டிய கைக்கண்ணாடியை அடியில் நீட்டி ஏழாம் எண் கூட்டைப் பார்த்தேன். அடிப்பக்கத்தில் நகத்தளவு இடத்தில் ஓடு மெல்லிசாகி, உள்ளே இருப்பது தெரிந்தது. கடைசி ஈரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து நெளிந்துகொண்டிருந்தன.

கையில் ஜக் இருந்தது. தொட்டியைக் கழுவலாம் என்று எடுத்து வந்திருந்தேன். அதில் தண்ணீரும் இருந்தது.

இதை நான் பலமுறை எனக்குள்ளேயே விசாரித்திருக்கிறேன். யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது. யோசிக்காமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. ஊற்றுவதற்கு முன்னால் சுற்றுமுற்றும் ஒருமுறை பார்த்தேனே. அப்படியானால் யோசித்துத்தான் செய்திருக்கிறேன்.

ஒரு கூடுதானே என்றிருந்தது. அடுத்த நாள் மூன்றாம் எண்ணும் எட்டாம் எண்ணும் பதினொன்றாம் எண்ணும் அதே நிலைக்கு வந்தன. ஏழுக்குச் செய்ததை இவற்றுக்குச் செய்யாமல் விட மனம் கேட்கவில்லை. நான்கு கூடு. ஒன்பதிலிருந்து பதினொன்றாம் நாளுக்குள் நான்கிலிருந்தும் தலைப்பிரட்டைகள் உயிரோடு இறங்கின. மற்ற எட்டும் காய்ந்து உதிர்ந்தன.

நோட்டில் என்ன எழுதினேன் தெரியுமா? 'மழை இல்லை. 7: தலைப்பிரட்டைகள் இறங்கின, உயிருடன்.' ஒவ்வொரு சொல்லும் நிஜம். மழை இல்லைதான். இறங்கினதும் உயிரோடுதான். ஜக்கைப் பற்றி மட்டும் எழுதவில்லை.

ஸ்டெல்லா அக்கா முகமெல்லாம் தழும்போடு திரும்பி வந்து, பம்பு ரூம் வாசலில் நின்றபடியே நோட்டைப் புரட்டினார். ஒரு பக்கம் வந்ததும் புரட்டுவதை நிறுத்தினார். திரும்பிப் போய் முந்தைய பக்கத்தைப் பார்த்தார்.

"டேய் செல்வம். பதினோரு நாளா? மழையே இல்லாம?"

"ஆமாக்கா."

"உயிரோடவா எறங்கிச்சு? நீ பார்த்தியா?"

"என் கண்ணால பார்த்தேங்க்கா."

அந்த நிமிடம்தான் வாய்ப்பு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் எழுதுகிறேன். அந்த வாசலில் வாயைத் திறந்திருந்தால் நான்கு கூடு போயிருக்கும். திட்டு விழுந்திருக்கும். அதோடு முடிந்திருக்கும். ஆனால் அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். இரண்டு வாரம் படுத்திருந்தவர் முகமாகவே இல்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

நாளைக்கு அது இன்னும் பெரிதாகிவிட்டது. மழை இல்லாமலே கூடு எப்படிக் கரைந்தது என்று அவர் யோசித்து, தலைப்பிரட்டைகள் நெளிந்து நெளிந்து தாமே நுரையைக் கரைத்துக்கொள்கின்றன என்று ஒரு விளக்கம் கண்டுபிடித்தார். கேட்கவே அழகாக இருந்தது. எனக்கே அது நிஜமாக இருக்கும் என்று தோன்றியது. அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர், லேசில் எதையும் பாராட்டாதவர், 'இதை வைத்தே ரிவ்யூவில் பேசு' என்றாராம். ரிவ்யூ என்பது என்னவென்று உங்களுக்குத் தெரியும். ஆராய்ச்சிக்கு இன்னும் காலம் கொடுப்பதா, இத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வதா என்று குழு உட்கார்ந்து முடிவு செய்யும் நாள். அவருக்கு அது இரண்டாவது ரிவ்யூ. முதல் ரிவ்யூவிலேயே, 'புதிதாக ஒன்றும் இல்லையே' என்று எச்சரித்து அனுப்பியிருந்தார்கள். இந்த முறையும் அதே என்றால் வீட்டில் கல்யாணப் பேச்சை எடுப்பார்கள், ஆராய்ச்சி அதோடு சரி என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

மூன்று வாரம் போயிற்று. ரயிலில் உட்கார்ந்தால் பங்காருப்பேட்டை வருவதற்குள் சொல்லும் வாக்கியத்தைத் தயார் செய்துவிடுவேன். வைட்ஃபீல்டில் இறங்கும்போது அது இருக்காது.

ரிவ்யூவுக்கு முதல் நாள் காலை நர்சரியில், ஸ்டெல்லா அக்கா முனிரத்னம் அண்ணனிடம் சந்தோஷமாக விவரித்துக்கொண்டிருந்தார். "அண்ணே, உங்க தொட்டிதான் நாளைக்குப் பெரிய ஆளுங்க முன்னாடி பேசப்போகுது. மழையே இல்லாம பதினோரு நாள் உயிரோட இருந்திருக்கு, தெரியுமா?"

அவர் ஹோஸ் பைப்பை மடக்கிப் பிடித்துத் தண்ணீரை நிறுத்தினார். என்னைப் பார்த்தார்.

"மழ இல்லன்னா இன்னாம்மா. ஊத்தறதுக்கு ஆள் இருந்துச்சே" என்றார்.

அவர் தெற்கு வரிசையைச் சொல்கிறார் என்று அக்கா நினைத்துக்கொண்டார். "அது வேறண்ணே, அது அந்தப் பக்கம்" என்று சிரித்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

"அந்தம்மாவுக்குத் தெரியாதா?" என்றார் முனிரத்னம் அண்ணன்.

தெரியாது என்று தலையை ஆட்டினேன்.

"எனக்கு இன்னா குரு, நான் செடிக்கு ஊத்தறவன். தண்ணி ஊத்தறது தப்புன்னு நான் எங்கியும் கேள்விப்பட்டதில்ல. நீயும் ஊத்தின, சரின்னு நெனச்சேன். இப்ப உன் மூஞ்சியப் பார்த்தாதான் தெரியுது, தப்புன்னு."

"நாளைக்குச் சொல்லிடறேண்ணே."

"நாளைக்கு எப்போ? அந்தம்மா பேசறதுக்கு முன்னாடியா, பேசினதுக்கு அப்புறமா?"

அவர் கேட்டுவிட்டு பைப்பைத் திறந்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

மறுநாள் பகல் மூன்று மணிக்கு ரிவ்யூ. என்னையும் வந்து கடைசி வரிசையில் உட்காரச் சொல்லியிருந்தார் அக்கா. 'நீ கண்டுபிடிச்சதுதானே' என்றார். மெஜஸ்டிக் பஸ் நிலையம் போய், இன்னொரு பஸ் மாறி, நான் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டு பத்து. நடைவழியில் ஒரு மேஜைமேல் அவர் பிளாஸ்டிக் தாள்களை வரிசையாகப் பரப்பி வைத்துக்கொண்டு நின்றார். அப்போதெல்லாம் விளக்குப் பெட்டியில் தாளை வைத்துத்தான் திரையில் காட்டவேண்டும். ஒவ்வொன்றையும் அவரே கலர் பேனாவால் எழுதியிருந்தார். நடுவில் இருந்த தாளில் வடக்கு வரிசையின் பன்னிரண்டு கோடுகள். நான்கு கோடு மட்டும் சிவப்பில், நீளமாக.

"அக்கா."

"சொல்லு. சாப்பிட்டியா?"

"அந்த நாலு கூட்டுக்கும் நான் தண்ணி ஊத்தினேங்க்கா."

அவர் புரியாமல் பார்த்தார். "தெற்கு வரிசைக்குத்தானே?"

"வடக்கு. மூணு, ஏழு, எட்டு, பதினொண்ணு. ஏழாம் நாள் ஏழுக்கு, எட்டாம் நாள் மத்த மூணுக்கு. அதுக்கப்புறம் தினமும். எறங்கற வரைக்கும்."

மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். உட்கார நாற்காலி தேடினார். இல்லை.

"எத்தனை வாரம் ஆச்சு நான் வந்து?"

"மூணு."

"மூணு வாரமா என் பக்கத்துல உக்காந்து டீ குடிச்ச."

நான் மேஜைமேல் இருந்த சிவப்புக் கோடுகளைப் பார்த்தேன்.

"இப்ப எதுக்குச் சொல்ற? பேசி முடிச்சிருப்பேனே. யாருக்குத் தெரியப்போகுது?" குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

நான் தயார் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். "அந்த நாலை மட்டும் எடுத்துட்டா போதும்க்கா. மத்த எட்டும் நெசம். காஞ்சுதான் போச்சு. அதுவே சொல்லலாம்."

"எட்டும் நெசம்னு யாரு சொல்றது?"

"நான்தான் பார்த்தேன்..."

சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. இன்னொரு சாட்சியைத் தேடினேன்.

"முனிரத்னம் அண்ணனைக் கேளுங்கக்கா. அவரும் பார்த்தாரு."

"அவர் பைப்பை விட்டுட்டு நாள்பூரா உன் பக்கத்துலயே நின்னாரா?"

கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். தண்ணீர்ப் பாட்டிலைச் சாய்த்து நனைத்தார். சிவப்புக் கோடுகளை மட்டும் அழிப்பார் என்று நினைத்தேன். முழுத் தாளையும் துடைத்தார். பிறகு தெற்கு வரிசைத் தாளையும் எடுத்துத் துடைத்தார்.

"அக்கா, அது சரியா செஞ்சதுக்கா. சத்தியமா."

"நான் பார்க்கலையே செல்வம்."

அவர் வீட்டில் இருந்த இரண்டு வாரத்தில் நான் எழுதிய எல்லாம் ஐந்து நிமிடத்தில் போயிற்று. கைக்குட்டை சிவப்பும் நீலமுமாக ஆகிவிட்டது. மிஞ்சியது நான்கு தாள். கூடு எந்த உயரத்தில் இருக்கிறது, கீழே எவ்வளவு தண்ணீர், எந்தக் கூட்டுக்கு எறும்பு வருகிறது, முந்தைய ஆண்டு என்ன நடந்தது. எல்லாம் அவர் தன் கண்ணால் பார்த்தவை. எல்லாம் முதல் ரிவ்யூவில் 'புதிதாக ஒன்றும் இல்லையே' என்று திருப்பி அனுப்பியவை.

"நான் வீட்டுக்குப் போகட்டுமாக்கா?"

"எதுக்கு? உள்ளே வந்து உக்காரு."

உள்ளே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். முன் வரிசையில் வழிகாட்டி. அவர் பக்கத்தில் வெளியிலிருந்து வந்த இரண்டு பேர். ஸ்டெல்லா அக்கா நாற்பது நிமிடம் பேசவேண்டியதைப் பதினெட்டு நிமிடத்தில் பேசி முடித்தார். வழிகாட்டி கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்தப் பதினோரு நாள் எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"அதை எடுத்துவிட்டேன் சார். வடக்கு வரிசைக் கூடுகளுக்குத் தண்ணீர் போயிருக்கிறது."

"எப்படிப் போயிற்று?"

"என் ஏற்பாட்டில் இருந்த குறை சார். ஒரே ஆளிடம் விட்டிருக்கக் கூடாது."

"நான் குறையைக் கேட்கவில்லை. யார் ஊற்றினார்கள்?"

அக்கா பேசவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. என் பெயரை அவர் சொல்லப்போவதில்லை என்பது எனக்குத் தெரிந்தது. நான் உட்கார்ந்தே இருக்கலாம். அப்போது எழுந்து நின்றது தைரியத்தால் அல்ல. உட்கார்ந்திருப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"நான்தான் சார்."

எல்லாத் தலையும் பின்னால் திரும்பின. எந்தெந்தக் கூடு, எந்த நாள், எத்தனை மணிக்கு, எவ்வளவு தண்ணீர் என்று அவர் வரிசையாகக் கேட்டார். நான் ஆங்கிலத்தில் தடுமாறவும் தமிழுக்கு மாறினார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். மூன்று வாரமாக என் மண்டைக்குள் அது மட்டும்தானே ஓடிக்கொண்டிருந்தது.

"ஏன் ஊத்தினே?"

"செத்துக்கிட்டிருந்துச்சு சார்."

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "செத்துக்கிட்டிருந்துச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

பார்த்தாலே தெரிந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. அவர் பதிலுக்குக் காத்திருந்துவிட்டு, உட்காரும்படி கையைக் காட்டினார்.

கதவைச் சாத்திக்கொண்டு அவர்கள் முக்கால் மணி நேரம் பேசினார்கள். நாங்கள் நடைவழியின் இரண்டு கோடியில் நின்றோம். ஸ்டெல்லா அக்காவை உள்ளே கூப்பிட்டு, வெளியே அனுப்பினார்கள். நேராக என்னிடம் வந்தார்.

"இன்னும் ஒரு மழைக்காலம் குடுத்திருக்காங்க. ஒண்ணே ஒண்ணு. அடுத்த வருஷம் எதுவும் கிடைக்கலன்னா முடிஞ்சுது."

"எனக்குக்கா?"

"உன்னை வேலையை விட்டு எடுத்துடச் சொன்னாங்க. நான் வேணாம்னேன்." என் முகத்தில் எதையோ பார்த்திருக்க வேண்டும், உடனே விரலை நீட்டினார். "பாவம் பார்த்துன்னு நெனைக்காத. புதுசா ஒருத்தன் வந்தா அவனும் ஒரு நாள் ஊத்துவான். நீ இனிமே ஊத்த மாட்ட. அவ்வளவுதான்."

அதன்பின் பல மாதங்கள் அவர் என்னிடம் எண்களைத் தவிர எதுவும் பேசவில்லை. 'நாலு?' என்பார். 'ஈரம்' என்பேன். 'அஞ்சு?' 'எறும்பு.' நோட்டில் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து, தனித்தனியாக எழுதி, கையெழுத்துப் போடும் முறை அப்போது வந்ததுதான். நீங்கள் அதை வீண் வேலை என்று முணுமுணுப்பதாகக் கேள்விப்பட்டேன். அது யாரால் வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

அடுத்த ஆண்டும் முதல் மழைக்குப் பிறகு வானம் பொய்த்துவிட்டது. வடக்கு வரிசையில் இந்த முறை ஒன்பது கூடு. ஆறாம் நாள் எறும்பு வந்தது. ஏழாம் நாள் கண்ணாடியில் அதே நெளிவைப் பார்த்தேன். இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஸ்டெல்லா அக்கா. அவர் நோட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"டீ குடிச்சிட்டு வா, போ" என்றார்.

"வேணாம்க்கா. ரெண்டு பேரும் பார்க்கணும்."

முனிரத்னம் அண்ணன் பைப்போடு எங்களைக் கடந்து போனார். நின்று, கூட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "ஏம்மா, ஸ்வல்ப தண்ணி ஊத்தினா யார் குடி முழுகிடும்?"

"ஐயோ வேணாண்ணே!" இரண்டு பேரும் ஒன்றாகக் கத்தினோம். அவர் பைப்பைப் பின்னால் மறைத்துக்கொண்டு விலகி ஓடினார். அக்கா சிரித்துவிட்டார். ஓராண்டு கழித்து அவர் என் முன்னால் சிரித்தது அன்றுதான்.

எட்டாம் நாள் நான்கு கூடுகளில் அசைவு நின்றது. ஒன்பதாம் நாள் பகல் ஒரு மணிக்குள் மீதி ஐந்திலும் நின்றுவிட்டது. அவர் நோட்டிலும் என் நோட்டிலும் ஒன்பது எண்களுக்கும் நேராக ஒரே சொல்: 'அசைவில்லை.' அவர் கையெழுத்துப் போட்டார். நான் போட்டேன். கிடைத்த ஒரு மழைக்காலமும் இதோடு முடிந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மூன்றரை மணிக்கு மழை வந்தது. பெரிய மழை இல்லை. கால் மணி நேரம் நின்று பெய்தது. பம்பு ரூமில் ஒதுங்கியிருந்தவர்கள் மழை விட்டதும் தொட்டிக்குப் போனோம். ஓடுகள் ஊறியிருந்தன. ஆறு கூடுகளிலிருந்து பழுப்புத் தண்ணீர் வடிந்தது, அவ்வளவுதான். இரண்டாம் எண்ணில் முதலில் ஒரு துளி தொங்கியது. துளிக்குள் கறுப்பாக ஒன்று இருந்தது. விழுந்தது. தண்ணீரில் அப்படியே மிதந்தது. செத்தது என்று நினைத்தேன். வால் ஒருமுறை துடித்தது. பிறகு அது பாசிக்குள் ஓடிவிட்டது. அடுத்தது விழுந்தது. அதற்கடுத்தது. ஐந்தாம் எண்ணிலும் ஆரம்பித்தது. பிறகு ஒன்பதில்.

ஸ்டெல்லா அக்கா தொட்டி விளிம்பில் முழங்கால் போட்டு உட்கார்ந்து சத்தமாக எண்ணினார். குரல் உடைந்துகொண்டே இருந்தது. ஆனால் எண்ணிக்கையை விடவில்லை. நாங்கள் அசைவில்லை என்று எழுதியவை, சாகாமல் அசையாமல் இருந்திருக்கின்றன. எல்லாக் கூட்டிலும் இல்லை. மூன்றில். அந்த மூன்று போதும் என்றார் வழிகாட்டி. அடுத்த ரிவ்யூவில் அதைக் காட்டித்தான் அக்காவுக்குக் காலம் நீட்டிக் கொடுத்தார்கள்.

அன்று எண்ணி முடித்துத் துப்பட்டாவால் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது அவர் என்னிடம் கேட்டார். "போன வருஷம் அந்த ஏழாம் நம்பர்... நீ ஊத்தலன்னா செத்திருக்குமா செல்வம்?"

"தெரியலக்கா" என்றேன்.

இன்றைக்கு நீங்கள் கேட்டாலும் அதுதான் பதில். அந்த நான்கு கூடுகளை நான் காப்பாற்றினேனா, அல்லது என் தயவு தேவையே இல்லாமல் அவை மழைக்காகப் பேசாமல் காத்துக்கிடந்தனவா, எனக்குத் தெரியாது. இனி யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள ஒரே ஒரு வழிதான் இருந்தது. நான் தண்ணீரை ஊற்றியது அதன்மேல்தான்.